ஸ்ட்ராட் வடிவ கிட்டாருக்கு மாற்று பிக்கப்: எதைப் பார்த்து வாங்குவது?

பெரம்பூர்_ஸ்ட்ராட்

வணக்கம் எல்லாருக்கும். என்னிடம் எச்.எஸ்.எஸ். அமைப்பில் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்), நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில் (ஒற்றைக் காயில்). ஆரம்ப விலைக் கிட்டார்தான். ஆனால் நெக் கைக்கு நன்றாகப் படிந்துவிட்டது, ஃப்ரெட் லெவல் செய்து வாங்கிவிட்டேன், டியூனிங் நிற்கிறது. அதனால் கிட்டாரை மாற்ற மனமில்லை. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பை மட்டும் மாற்றலாம் என்று இருக்கிறேன்.

பிரிட்ஜ் ஹம்பக்கரில் டிஸ்டார்ஷன் போட்டால் பவர் கார்டு (ச-ப மட்டும்) பரவாயில்லை. முழு கார்டு போட்டால் எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்றே பிரித்துக் கேட்க முடியவில்லை. நெக் பிக்கப்பில் கிளீனாக வாசித்தால் மந்தமாக இருக்கிறது, விரல் அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் மாறுவதில்லை. மூன்றிலும் இரைச்சல் இருக்கிறது, நடு பிக்கப்பில் அதிகம்.

கல்லூரி பேண்டில் ஹார்டு ராக்கும் 80-களின் தமிழ் சினிமாப் பாட்டுகளும் வாசிக்கிறோம். வீட்டில் 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப், ரெக்கார்டிங்குக்கு ஆடியோ இன்டர்ஃபேஸில் ஆம்ப் சாஃப்ட்வேர். இப்போதைக்கு ஒரு பிக்கப்புக்குத்தான் காசு இருக்கிறது. கிலோ ஓம் கூடக் கூட பவர் கூடும் என்று கடையில் சொன்னார்கள். 16 கிலோ ஓம் ஹம்பக்கர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ஆறாம்கம்பி

தாராளமாக வாங்குங்கள் தம்பி. ஹார்டு ராக் என்றால் டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன், அல்லது சீமோர் டங்கன் ஜே.பி. இந்த இரண்டில் ஒன்றைப் போட்டால் அப்புறம் யோசனையே வேண்டாம். நான் மேடையில் வருஷக்கணக்காக ஜே.பி.தான் வாசிக்கிறேன்.

சால்டர்புகை

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு முனை பிளக்கின் நுனியில், மற்றது அதன் உடலில். 20 கிலோ ஓம் ரேஞ்சில் ஒவ்வொரு பிக்கப்பாக ஸ்விட்சைத் தள்ளிப் படித்து எழுதுங்கள். வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். 250 ஆயிரம் ஓமா, 500 ஆயிரம் ஓமா?

கிலோ ஓம் கூடினால் பவர் கூடும் என்பது பாதி உண்மை கூட இல்லை. மல்டிமீட்டர் காட்டுவது காயிலில் சுற்றிய செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும்தான். அது இரண்டு விஷயத்தால் கூடும்: சுற்று கூடினால், அல்லது கம்பி சன்னமானால். பழைய ஸ்ட்ராட்டிலும் பழைய கிப்சன் ஹம்பக்கரிலும் இருப்பது 42 கேஜ் கம்பி, ஏறக்குறைய 0.063 மி.மீ. விட்டம். ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 5.4 ஓம். அதே நீளத்துக்கு 44 கேஜ் எடுத்தால் 8.7 ஓம். ஒரு சுற்று கூடச் சேர்க்காமல் கம்பியை மட்டும் மாற்றினால் 8 கிலோ ஓம் 13-ஐத் தொட்டுவிடும். பிக்கப்பின் சத்தம் அதனால் கூடிவிடாது. காந்தம் என்ன, அது கம்பிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதெல்லாம் மல்டிமீட்டருக்குத் தெரியவே தெரியாது.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை விட உங்கள் காதில் விழுந்த குறை முக்கியம். "கார்டு பிரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். "சத்தம் போதவில்லை" என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

பெரம்பூர்_ஸ்ட்ராட்

அளந்துவிட்டேன் அண்ணா. பிரிட்ஜ் 13.1, நடு 5.9, நெக் 5.8. பாட் எல்லாமே பி250கே என்று போட்டிருக்கிறது, சின்ன சைஸ். பிக்கார்டை (முகப்பில் உள்ள பிளாஸ்டிக் தகடு) திருப்பிப் பார்த்தேன். சிங்கிள் காயில்களின் அடியில் கறுப்பாக ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கிறது. மேலே தெரியும் ஆறு துண்டும் காந்தம் இல்லை போல, வெறும் இரும்பு. ஸ்க்ரூ டிரைவரை மட்டும் நன்றாக இழுக்கிறது.

சால்டர்புகை

இதைத்தான் எதிர்பார்த்தேன். 13.1 என்பது வால்யூம் பாட்டோடு இணையாகச் சேர்ந்து வந்த எண். 250 கிலோ ஓமைக் கழித்துக் கணக்குப் போட்டால் பிக்கப் உண்மையில் 13.8 வரும். அதாவது உங்களிடம் இருப்பதே நிறையச் சுற்றிய, பெரும்பாலும் செராமிக் காந்தம் வைத்த ஹம்பக்கர். அதன் குறைக்கு மருந்தாக 16 வாங்கினால், ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் பக்கமே இன்னும் கொஞ்ச தூரம் போவீர்கள்.

ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், இந்தக் கேள்வி மாதா மாதம் இங்கே வருகிறது.

பிக்கப்பின் குணத்தைச் சொல்லும் எண் இண்டக்டன்ஸ். ஹென்றியில் அளப்பார்கள். பழைய வகை ஸ்ட்ராட் காயில் 2.4 ஹென்றி அளவில் இருக்கும். பழைய பி.ஏ.எஃப். வகை (கிப்சனின் 1950-களின்) ஹம்பக்கர் 4-லிருந்து 5. நிறையச் சுற்றிய 16 கிலோ ஓம் வகை 8-ஐ ஒட்டி. இந்த இண்டக்டன்ஸும், காயிலிலும் கேபிளிலும் உள்ள கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். அந்த மேட்டுக்கு மேலே எல்லாம் வேகமாகச் சரிந்துவிடும். 5 மீட்டர் கேபிளுக்கு 500 பிக்கோ ஃபேரட், காயிலுக்கு 100 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ராட் காயிலுக்கு மேடு 4.2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் வரும். பி.ஏ.எஃப்.-க்கு 3.1. எட்டு ஹென்றிக்கு 2.3.

நாம் "பளிச்", "கணீர்", "மொத்தை" என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான். 250 பாட் அந்த மேட்டை இன்னும் அமுக்கும். ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு 250 என்ற வழக்கம் வந்ததும் இதனால்தான். உங்கள் கிட்டாரில் மேடு ஏற்கெனவே கீழே நிற்கிறது, பாட் வேறு அதை அமுக்குகிறது. கார்டு எப்படிப் பிரியும்?

கோவை_வால்வு

சால்டர்புகை சொன்னதோடு ஆம்ப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

முதலாவது, வரலாறு. கிப்சனில் செத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-இல் அது லெஸ் பாலில் வந்தது. அவர் தீர்க்க நினைத்தது இரைச்சல் பிரச்சினையை. டிஸ்டார்ஷனுக்காகச் செய்ததில்லை. தனியாக வாங்கி மாட்டுவதற்கென்றே செய்த பிக்கப் என்று பேர் வாங்கியது லாரி டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன், 1970-களின் தொடக்கத்தில். அப்போதைய வால்வு ஆம்ப்களில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைவு. முன்னால் ஒரு பலமான பிக்கப் தள்ளினால்தான் முதல் வால்வு திணறி, அந்தச் சத்தம் வரும். அந்தக் காலத்துக்கு அது மிகச் சரியான கண்டுபிடிப்பு. இன்று உங்கள் 20 வாட் ஆம்பிலும் சாஃப்ட்வேரிலும் கெயின் கொட்டிக் கிடக்கிறது, பாதி திருப்பினாலே போதும். பிக்கப்பிலிருந்து வர வேண்டியது தெளிவு. எடி வேன் ஹேலன் தன் கிட்டாரில் போட்டது பழைய கிப்சன் இ.எஸ்-335 கிட்டாரிலிருந்து கழற்றிய பி.ஏ.எஃப். வகைதான் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கனம் எல்லாம் ஆம்பில் வந்தது.

இரண்டாவது, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எந்த பிக்கப் போட்டாலும் டிஸ்டார்ஷனில் முழு கார்டு ஓரளவு கலங்கத்தான் செய்யும். இரண்டு சுரம் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் வித்தியாசம் மூன்றாவது சுரமாக வெளியே வரும். ச-ப சேர்ந்தால் அந்த வித்தியாசம் கீழ் ஸ்தாயி ச-வாகவே வந்து விழும். பவர் கார்டு அவ்வளவு கனமாகக் கேட்பது அதனால்தான். ச-வும் அந்தர காந்தாரமும் சேர்ந்தால் வித்தியாசம் இரண்டு ஸ்தாயி கீழே ச-வில் விழ வேண்டும். ஆனால் ஃப்ரெட் போட்ட கிட்டாரில் காந்தாரம் இயற்கை சுருதியை விட 14 சென்ட் கூடுதல். அந்தச் சின்னப் பிசகு வித்தியாசச் சுரத்தில் 67 சென்ட்டாகப் பெருகும், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நீங்கள் கேட்கும் குழப்பத்தில் ஒரு பகுதி இது. கெயினைக் குறைத்தால் குறையும், வேறு வழியில்லை. கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்கி ஒரு முழு கார்டு போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஆறாம்கம்பி

நான் உடன்பட மாட்டேன், காரணத்தோடு சொல்கிறேன்.

கணக்கு எல்லாம் சரி. ஆனால் மேடையில் பலமான பிக்கப் தருவது கெயின் மட்டும் இல்லை. அட்டாக்கின் முனையை அது கொஞ்சம் மழுக்கும், சுரம் நீளும், மிட் (நடு அதிர்வெண்கள்) முன்னால் வரும். டிரம்ஸும் பாஸும் கீபோர்டும் சேர்ந்து அடிக்கும்போது கிட்டார் சோலோ கேட்க வேண்டுமென்றால் அந்த மிட்தான் காப்பாற்றும். தனியாக அறையில் உட்கார்ந்து வாசிக்கும்போது அழகாகக் கேட்கும் பி.ஏ.எஃப். வகை, திறந்தவெளிக் கச்சேரியில் கீபோர்டுக்குப் பின்னால் காணாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜே.பி.க்குப் பின்னால் இருக்கும் கதையும் இதுதான். 1970-களில் லண்டனில் சீமோர் டங்கன் ஜெஃப் பெக்குக்கு ஒரு டெலிகாஸ்டரில் ஹம்பக்கர் மாட்டிக் கொடுத்தார். டெலியின் கூர்மையான உடலில் கனத்த காயில். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்தன. ஸ்ட்ராட் வடிவமும் அதே மாதிரி கூர்மையான கிட்டார்தானே?

கோவை_வால்வு

மிட் பற்றிச் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். பேண்டில் கிட்டாருக்கு இடம் மிட்டில்தான் இருக்கிறது. ஆனால் தம்பியின் பிக்கப்பில் மிட் குறைவு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அடியில் சதை அதிகம், மேலே காற்று இல்லை. நடுத்தரமாக ஒன்று எடுப்பதே சரி என்பது என் கட்சி.

நெக்பிக்கப்

எல்லாரும் பிரிட்ஜையே பேசுகிறீர்கள். அவர் நெக் பிக்கப்பையும்தான் குறை சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் உயிர். ஸ்ட்ராட்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன், முழுக்க முழுக்க நெக் பிக்கப்பில்.

கமகம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பிரச்சினை நன்றாகத் தெரியும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போய் தடித்த கம்பிகளை இழுத்தால் சுருதி நடுங்கும், ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலையும். பிக்கப்பின் காந்தம் கம்பியை அதன் ஓட்டத்திலிருந்து இழுப்பதால் வருவது இது. நெக் பிக்கப்பில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே கம்பி அகலமாக ஆடுகிறது. ஆல்நிக்கோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த கலவை) தண்டுக் காந்தம் வைத்த ஸ்ட்ராட் பிக்கப்பைக் கம்பிக்கு ஒட்டினாற்போல் ஏற்றி வைத்தால் சஸ்டெய்னும் (சுரம் நீளுவது) போகும், சுருதியும் போகும்.

தம்பி, ஒரு ரூபாய் செலவில்லாத வேலை இது. கடைசி ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப் துண்டின் தலைக்கும் இடைவெளியை அளக்கவும். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு தடித்த பக்கம் 2.4 மி.மீ., சன்ன பக்கம் 2 மி.மீ. அங்கிருந்து ஆரம்பித்து, அரைத் திருப்பு அரைத் திருப்பாக இறக்கிக்கொண்டே கேளுங்கள். ஓரிடத்தில் கம்பி மூச்சு விடுவது தெரியும், விரலின் மெல்லிய அழுத்தமும் ஆம்பில் தெரிய ஆரம்பிக்கும். நான் நெக்கில் இந்த அளவுக்கும் கீழேதான் வைத்திருக்கிறேன். சத்தம் குறைந்தால் ஆம்பில் கூட்டிக்கொள்ளலாம்.

மாற்ற வேண்டும் என்று முடிவானால் ஆல்நிக்கோ 2 அல்லது 3 கேட்டு வாங்குங்கள். 3-இல் கோபால்ட் கிடையாது, இழுப்பு குறைவு, கமகத்துக்கு அருமை.

பெரம்பூர்_ஸ்ட்ராட்

இரண்டையும் செய்து பார்த்தேன். நெக் பிக்கப் 1.2 மி.மீ.யில் இருந்தது! இறக்கினேன். மந்தம் முழுதாகப் போகவில்லை, ஆனால் மெதுவாக மீட்டினால் மெதுவாகவும் அடித்தால் அடித்த மாதிரியும் கேட்கிறது. மேல் ஃப்ரெட்டில் நடுக்கம் இருந்திருக்கிறது, அது நடுக்கம் என்றே எனக்கு இதுவரை தெரியாது. இப்போது இல்லை.

பிரிட்ஜில் வால்யூமை 6-க்கு இறக்கினால் கார்டு ஓரளவு பிரிகிறது. ஆனால் கூடவே மூடின மாதிரி ஆகிவிடுகிறது. சரி, பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றத்தான் போகிறேன், ஆனால் 16 கிலோ ஓம் வேண்டாம். எந்த மாடல் என்று சொல்லுங்கள். சைஸ் எல்லாம் ஒன்றுதானே?

ஸ்கார்பரோ_ரிஃப்

சைஸ் ஒன்றில்லை தம்பி! இதைப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது, அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி கட்டியபின் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

கிப்சன் பிரிட்ஜை விட ஸ்ட்ராட் பிரிட்ஜில் கம்பிகளின் பரப்பு அகலம். அதனால் ஹம்பக்கரில் இரண்டு அளவு வரும். சாதாரண அளவில் முதல் துண்டின் நடுவிலிருந்து ஆறாவதின் நடு வரை 49 மி.மீ. சொச்சம். அகல அளவில் 51-லிருந்து 53 வரை. டிமார்ஸியோ அதை எஃப்-ஸ்பேஸ்டு என்கிறது, சீமோர் டங்கன் டிரெம்பக்கர் என்கிறது, மாடல் எண்ணில் எஸ்.எச். என்பதற்குப் பதில் டி.பி. வரும். உங்கள் கம்பிகள் பிக்கப் துண்டுகளுக்கு மேலே நேராக ஓடுகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு மி.மீ. தள்ளி ஓடினால் உயிர் போகாது. ஓரக் கம்பி துண்டை விட்டு முழுதாக வெளியே ஓடினால் சத்தம் இளைக்கும்.

அடுத்தது குழியின் ஆழம். பிக்கப்பின் இரண்டு பக்கமும் கீழே தொங்கும் உலோகக் கால் சிலவற்றில் நீளம், சிலவற்றில் குட்டை. விலை குறைந்த சில கிட்டார்களின் உடல் மெல்லியது, நீளக் கால் அடியில் முட்டும். முட்டினால் பிக்கப் இறங்காது. நெக்பிக்கப் அண்ணா சொன்ன உயரச் சரிப்படுத்தலே செய்ய முடியாமல் போகும்.

இன்னொன்று, கிலோ ஓம் எண்ணை ஒப்பிடுகிறவர்களுக்கு. செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். இங்கே 20 டிகிரி அறையில் 8.0 காட்டும் அதே பிக்கப், சென்னையில் 33 டிகிரியில் 8.4 காட்டும். "என் பிக்கப் கொஞ்சம் ஹாட்டாகச் சுற்றியது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் முதலில் மின்விசிறியைப் போட்டுவிட்டு அளக்கவும்.

தாளகதி

இடையில் ஒரு கேள்வி. இரைச்சல்? ஹம்பக்கர் போட்டால் போய்விடுமா? என் வீட்டில் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் ஏறுகிறது.

சால்டர்புகை

தொட்டால் குறைவது கிட்டாரின் குறை இல்லை. உங்கள் உடல் சுற்றியுள்ள மின்புலத்தைப் பிடித்து கிட்டாரின் உள்ளே கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் உடல் கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. உள்குழியிலும் பிக்கார்டின் பின்புறத்திலும் செம்புத் தகடு ஒட்டி, அதை கிரவுண்டில் சால்டர் செய்தால் இது நன்றாகக் குறையும். ஒட்டும் தகட்டின் மூட்டுகளில் மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளவும்.

"ம்ம்ம்" என்று அடியில் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு. அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். செம்புத் தகடு அதைத் தடுக்காது. ஹம்பக்கர்தான் தடுக்கும், இரண்டு காயில் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால். "ஸ்ஸ்ர்ர்" என்று கரகரப்பது பெரும்பாலும் மின்விசிறியின் திருகு ரெகுலேட்டர், உள்ளே டிரையாக் வைத்தது. அதை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், அல்லது அணைத்துப் பாருங்கள்.

ஸ்ட்ராட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்த் துருவ வகையாக இருந்தால் ஸ்விட்சின் 2, 4 நிலைகளில் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இடங்கள்) இரைச்சல் தானாக அடங்கும். மூன்று பிக்கப்பையும் வாங்கும்போது அப்படிக் கேட்டு வாங்கவும்.

அப்புறம், தயவுசெய்து எல்லாரும் வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஆம்பை ஓட்டாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்பின் சட்டத்தோடு நேராக இணைந்தவை, அவற்றைத் தொட்டுக்கொண்டே ஈரத் தரையில் நின்று மைக்கில் வாய் வைக்கிறோம். சத்தத்தை விட உயிர் பெரிது.

கோவை_வால்வு

மாடல் கேட்டாரே, அதற்கு வருகிறேன். என் கணக்கில் மூன்று.

சீமோர் டங்கன் '59, டி.பி. அளவில். ஆல்நிக்கோ 5, 8 கிலோ ஓம் சொச்சம். கார்டு அழகாகப் பிரியும். மிட் கொஞ்சம் குழிந்திருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்பில், அதுவும் பிரிட்ஜில், சிலருக்குக் கூர்மையாகப் படலாம்.

பெர்லி கேட்ஸ். ஆல்நிக்கோ 2, இதுவும் 8-ஐ ஒட்டித்தான். அடிச்சத்தம் இளகியது, மேலே ஒரு உறுமல் இருக்கும். சினிமாப் பாட்டும் ராக்கும் கலந்து வாசிக்கிறவருக்கு என் முதல் கை இதுதான்.

கஸ்டம் 5. ஆல்நிக்கோ 5, 14 கிலோ ஓம் பக்கம். பலம் உண்டு, ஆனால் தெளிவு கெடாது. ஆறாம்கம்பி சொன்ன மேடைப் பலம் வேண்டுமென்றால் ஜே.பி.க்குப் பதில் இதைப் பாருங்கள்.

ஆறாம்கம்பி

கஸ்டம் 5 என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் 500 பாட் போடாமல் எதையும் மாட்டாதீர்கள்.

ஸ்கார்பரோ_ரிஃப்

500 போட்டால் நடுவும் நெக்கும் கூச்சலிட ஆரம்பிக்கும். அதற்கு எளிய வழி உண்டு. ஸ்விட்சில் ஒவ்வொரு சிங்கிள் காயிலின் சூடான முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர். 500-உம் 470-உம் இணையாகச் சேர்ந்தால் 242 கிலோ ஓம், கிட்டத்தட்ட பழைய 250. ஹம்பக்கர் மட்டும் ஒலிக்கும்போது அந்த ரெசிஸ்டர்கள் வெளியே நிற்கும். செலவு சில ரூபாய்தான்.

நெக்பிக்கப்

நெக்குக்குப் பின்னால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் துண்டுகள் ஏற்ற இறக்கமாக இருக்கும், மூன்றாம் கம்பியின் துண்டு ஓங்கி நிற்கும். 1954-இல் ஸ்ட்ராட் வந்தபோது மூன்றாம் கம்பி சுற்றுக் கம்பியாக இருந்தது, அதன் ஒலி குறைவு, அதனால் ஓங்க வைத்தார்கள். இன்று நாம் போடுவது வெறும் கம்பி. அது மட்டும் தனியாக எகிறும். கமகம் வாசிக்கிறவனுக்கு அது பெரிய தொல்லை, ஒரு ராகத்தின் பாதி சஞ்சாரம் அந்தக் கம்பியில்தான் நடக்கிறது. சமதளத் துண்டு வைத்தது கேளுங்கள். சீமோர் டங்கனில் எஸ்.எஸ்.எல்-2, ஆல்நிக்கோ 2 வேண்டுமென்றால் ஏ.பி.எஸ்-2.

இதைப் படித்துவிட்டு யாரும் கையிலிருக்கும் பழைய பாணி பிக்கப்பின் துண்டை அமுக்கி இறக்கப் பார்க்காதீர்கள். அந்த வகையில் காயில் கம்பி நேரடியாகக் காந்தத் தண்டின் மேலேயே சுற்றியிருக்கும். தண்டு நகர்ந்தால் தலைமுடி அளவு கம்பி அறுந்துவிடும், மீட்டர் எதையும் காட்டாது, முழுக்கத் திரும்பச் சுற்றத்தான் வேண்டும். 8,000 சுற்று.

பெரம்பூர்_ஸ்ட்ராட்

பெர்லி கேட்ஸ், அகல அளவு, நல்ல நிலையில் பழையது ஒன்று கிடைத்தது. வாங்கும் இடத்திலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 8.6 காட்டியது. வெயில் கணக்கைக் கழித்தால் சரியாக வருகிறது. பாட் 500 மாற்றி, 470 ரெசிஸ்டரும் போட்டாயிற்று. பிக்கப்பின் கறுப்பு வயரை ஸ்விட்சில், பச்சையையும் உறையில்லாத வெறும் கம்பியையும் கிரவுண்டில், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டேன்.

தனியாக வாசித்தால் நான் தேடியது கிடைத்துவிட்டது. கெயினைப் பாதியில் வைத்து ஒரு மைனர் கார்டை மெதுவாகப் பிரித்து மீட்டினேன், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. அதே கார்டைப் பழைய பிக்கப்பில் ரெக்கார்டு செய்து வைத்திருந்தேன், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு என் பேண்டு நண்பர்களுக்குக் காட்டினேன். டிரம்மருக்கே வித்தியாசம் தெரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். பிரிட்ஜும் நடுவும் சேரும் 2-ஆம் நிலையில் சத்தம் பாதியாகி, மூக்கால் பேசுவது மாதிரி வருகிறது. தனித்தனியாக இரண்டும் நன்றாக இருக்கிறது. பிக்கப் கெட்டதா?

சால்டர்புகை

கெடவில்லை. இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது), வேறு வேறு கம்பெனி பிக்கப்பைக் கலக்கும்போது வருவதுதான். உறுதி செய்ய ஒரு வழி. ஊசிமுள் வைத்த அனலாக் மீட்டர் கிடைத்தால் நல்லது, டிஜிட்டலிலும் முடியும். மீட்டரை முன்பு மாதிரியே கேபிளில் வைத்து, பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரு இரும்பு ஸ்க்ரூ டிரைவரின் உடலைத் துண்டுகளின் மேல் படுக்க வைத்து, பட்டென்று மேலே தூக்குங்கள். அந்தக் கணத்தில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதையே நடு பிக்கப்புக்கும் செய்யுங்கள். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் ஃபேஸ் எதிர்.

சரி செய்வது எளிது, நான்கு கம்பி வயர் இருப்பதால் ஹம்பக்கரிலேயே செய்துவிடலாம். கறுப்பை கிரவுண்டுக்கும் பச்சையை ஸ்விட்சுக்கும் மாற்றுங்கள். சிவப்பு, வெள்ளையைத் தொட வேண்டாம். வெறும் கம்பி கிரவுண்டிலேயே இருக்கட்டும், பச்சையோடு சேர்த்து அதையும் தூக்கி ஸ்விட்சில் வைத்துவிடாதீர்கள், பிக்கப்பின் உலோகப் பகுதி எல்லாம் இரைச்சலைப் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

பெரம்பூர்_ஸ்ட்ராட்

எண் ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. மாற்றிவிட்டேன், 2-ஆம் நிலை இப்போது முழுசாகக் கேட்கிறது. நன்றி அண்ணா, நன்றி எல்லாருக்கும். நெக்குக்கு ஏ.பி.எஸ்-2 காசு சேர்ந்ததும் வாங்குகிறேன். அதுவரை பழையதையே இறக்கி வைத்து வாசிக்கிறேன்.

நெக்பிக்கப்

வாங்கும்போது நடு பிக்கப்போடும் ஃபேஸ் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கிள் காயிலில் இரண்டே வயர்தான், இரண்டையும் இடம் மாற்றினால் போதும். மேலே உலோக மூடி இருந்து அது கறுப்பு வயரோடு சேர்த்து சால்டர் ஆகியிருந்தால் மட்டும், மாற்றுவதற்கு முன் மூடியின் இணைப்பைப் பிரித்துத் தனியாக கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.